நாய்க்குட்டியின் விலை வேறு, நாயின் செலவு வேறு

கேள்வி: வணக்கம் சார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. இருவரும் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டு நச்சரிக்கிறார்கள். அடுத்த மாதம் மகனின் பிறந்தநாள். ஒரு லாப்ரடார் குட்டியைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. ஆறு தவணையாகக் கட்டலாம் என்கிறார் விற்பவர். எங்கள் வருமானத்தில் 40 சதவீதம் வீட்டுக்கடனுக்குப் போய்விடுகிறது. அவசரத்துக்கென்று இருப்பது இரண்டு மாதச் செலவுக்கான பணம்தான். பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்ப்பதில் கை வைக்க மனமில்லை. குட்டியை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் சகோதரி. ஆனால் அடுத்த மாதம் வேண்டாம். தவணையில் வேண்டவே வேண்டாம்.

குட்டியின் விலையைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள், மாதச் செலவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன். விலை ஒரே ஒரு தடவை கொடுப்பது. லாப்ரடார் சாதாரணமாக 10 முதல் 12 வருடம் வாழும். நீங்கள் முடிவெடுக்கப் போவது அந்த 12 வருடத்தைப் பற்றி.

நாய் வளர்ப்பில் பெரும்பாலான செலவு உடல் எடையைப் பொறுத்தது. வளர்ந்த லாப்ரடார் 30 கிலோ வரும். 10 கிலோ நாய் சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகச் சாப்பிடும். குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடைக்கு ஏற்றபடிதான். அதனால் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பட்ஜெட்டில் பாதியைத் தீர்மானித்து விடுகிறீர்கள்.

முதல் வருடம் கொஞ்சம் கனமாகவே இருக்கும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தரம் போட வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி தனி. அப்புறம் கருத்தடை அறுவை. எதைச் சுருக்கினாலும் தடுப்பூசியைச் சுருக்காதீர்கள். பார்வோ வைரஸ் தாக்கிய குட்டியை நாள்கணக்கில் டிரிப்ஸில் வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவுக்கு முன்னால் ஊசியின் விலை ஒன்றுமே இல்லை. அவ்வளவு செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் நாய்க்கு அப்போது ஏழு மாதம். ஒரு நாள் காலையிலிருந்து வாந்தி. சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குடலில் ஏதோ அடைத்திருக்கிறது என்றார் மருத்துவர். “கடைசியாக எப்போது சாப்பிட்டது?” என்று கேட்டார். அடுத்து, “இன்றே ஆபரேஷன் செய்துவிடலாமா?” என்றார். என் மகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தது அவளுடைய பள்ளி சாக்ஸ் ஒன்று. நாய்க்கென்று தனியாகப் பணம் வைத்திருந்ததால் உடனே சரி என்று சொல்ல முடிந்தது. அந்தப் பணம் இல்லாமல் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தரையில் கிடக்கிற சாக்ஸ், சின்னப் பொம்மை, பையில் மிச்சமிருக்கும் சாக்லேட், திராட்சை எல்லாமே குட்டிக்கு ஆபத்து. லாப்ரடார் கண்டதையும் விழுங்கும் இனம் வேறு.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மகனுக்கு 18 ஆகும்போது நாய்க்கு ஏறக்குறைய 8 வயது. மகள் கல்லூரிக்குத் தயாராகும்போது நாய்க்கு 12. பிள்ளைகளின் மேற்படிப்புச் செலவு உச்சத்தில் இருக்கும் அதே வருடங்களில்தான் நாய்க்கு மூட்டு, பல், சிறுநீரகம் என்று வைத்தியச் செலவும் ஏறும். படிப்புப் பணத்தைத் தொட மாட்டேன் என்கிறீர்களே, அந்த உறுதி அப்போதும் நிலைக்க வேண்டுமென்றால் நாய்க்கென்று ஒரு தனிக் கணக்கு இப்போதே தொடங்கியாக வேண்டும்.

எப்படி என்றால், விற்பவருக்குக் கட்ட நினைத்த தவணையை உங்களுக்கே கட்டுங்கள். முதலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போய் தடுப்பூசி, கருத்தடை, மாதாந்திர மருந்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீவனத்தையும் சேர்த்து ஒரு மாதத் தொகை கிடைக்கும். விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் போனால் நாயை விட்டுச் செல்லும் இடத்துக்கான கட்டணத்தை மறந்துவிடாதீர்கள், பலரும் மறப்பது அதைத்தான். அந்த மாதத் தொகையையும் தவணைத் தொகையையும் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் குட்டியின் விலை ரொக்கமாகக் கையில் இருக்கும், அதற்கு மேல் ஆறு மாதச் செலவுப் பணமும் இருக்கும். நடுவில் எடுக்க நேர்ந்தால், இந்த வருமானத்துக்கு 30 கிலோ நாய் தாங்காது என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தின் அவசரப் பணத்தை இதோடு கலக்காதீர்கள். நாய் இல்லாவிட்டாலும் இரண்டு மாதம் போதாது. நான்கு மாதத்துக்காவது உயர்த்துங்கள்.

ஆறு மாதம் காத்திருக்க முடியாதென்றால் காப்பகத்திலிருந்து ஒன்றிரண்டு வயது நாயைத் தத்தெடுக்கலாம். என்னைக் கேட்டால் 5 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுதான் நல்லது. பெரும்பாலும் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்திருக்கும், குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பார்த்தே எடுக்கலாம். மூன்று மாதச் சேமிப்போடு தொடங்கலாம். எந்த நாயாக இருந்தாலும் மகளை அதோடு தனியாக விடாதீர்கள்.

காப்பீடு கிடைத்தால் நாய் வந்த உடனே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். காத்திருப்புக் காலம் எத்தனை நாள், நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பிறந்தநாளுக்கு மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, முதல் பக்கத்தில் ஆறு கட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் பணம் போட்டதும் ஒரு கட்டத்துக்கு அவனும் தங்கையும் வண்ணம் தீட்டட்டும். நான்காவது கட்டம் நிறைந்ததும் விற்பவருக்குப் போன் செய்து, அடுத்த ஈற்று எப்போது, தாய் நாயை நேரில் பார்க்கலாமா, 8 வாரம் முடிந்த பிறகுதான் குட்டியைக் கொடுப்பாரா என்று கேளுங்கள்.