கணக்குக் கேள்வியே கேட்காத நேர்காணல்

கேள்வி: நிதித் துறையில் 24 ஆண்டு அனுபவத்துடன் தலைமைச் செயல் அதிகாரி பதவிக்கான நேர்காணலுக்குச் சென்றேன். வரவு செலவு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஊழியர்கள், தரவுப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு பற்றியே கேட்டார்கள். என் அனுபவத்துக்கு மதிப்பில்லையா?

பதில்: மதிப்பு உண்டு, அதனால்தான் அழைத்தார்கள். ஆனால் உங்கள் கணக்கறிவை ஐயத்திற்கு இடமின்றி ஏற்றுக்கொண்டு, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். மேலே செல்லச் செல்லத் துறைசார்ந்த திறனைவிட முழு நிறுவனத்தையும் ஒருசேரப் பார்க்கும் திறனே முக்கியம் என்று மேலாண்மை அறிஞர் ராபர்ட் காட்ஸ் 1955-லேயே எழுதினார்.

புதிதாக மாறியிருப்பது எதிர்பார்ப்பு. பங்குதாரரின் நலனே முதன்மை என்று 1997-இல் அறிவித்த அமெரிக்கப் பெருநிறுவனத் தலைமை அதிகாரிகளின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைப்பு, 2019 ஆகஸ்டில் வாடிக்கையாளர், ஊழியர், வழங்குநர், சமூகம் ஆகியோரையும் அதில் சேர்த்தது. 181 தலைமை அதிகாரிகள் கையெழுத்திட்டனர். (கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் கடைப்பிடித்தார்களா என்பது வேறு கதை.)

செயற்கை நுண்ணறிவு என்றதும் நிரல் எழுதக் கற்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். கடன் விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று துறைத்தலைவர் கோப்பை நீட்டும்போது, அது எந்தத் தரவைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது, தகுதியானவரை அது நிராகரித்தால் அந்த முடிவைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்கத் தெரிந்தால் போதும். தணிக்கைக் கண் கொண்ட உங்களுக்கு இக்கேள்விகள் இயல்பாகவே வரும். அடுத்த நேர்காணலில் அங்கிருந்தே தொடங்குங்கள்.