பெங்களூரில் சொந்த வீட்டுக்கு சோலார், சின்னக் காற்றாலை, பயோகாஸ்: போட்ட காசு திரும்புமா?

கேள்வி: பெங்களூரில் 30க்கு 40 மனையில் சொந்த வீடு இருக்கிறது. மாடியில் சோலார் பேனல், ஆன்லைனில் விற்கும் சின்னக் காற்றாலை, சமையலறைக் கழிவில் ஓடும் பயோகாஸ். இதில் எதைப் போட்டால் கட்டுப்படியாகும்?

முதலில் உங்கள் பெஸ்காம் (நம் ஊருக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனம்) பில்லை எடுத்து வையுங்கள். வெயிலைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருஷ சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தந்துவிடும். அது எல்லா மாடிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 4 யூனிட் உங்களுக்கு எத்தனை ரூபாயை மிச்சப்படுத்தும் என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும்.

நான் இருப்பது ராமமூர்த்தி நகரில். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மின்சாரப் பில்லே பூஜ்யம். 2023இல் வந்த கர்நாடக அரசின் க்ருஹ ஜ்யோதி திட்டத்தில், 2022-23இல் ஓடிய மாத சராசரியோடு பத்து சதவீதம் கூட்டி, 200 யூனிட்டுக்குள் இருந்தால் அது இலவசம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. மாதம் 150 யூனிட் ஓட்டி ஒரு பைசா கட்டாத வீட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு பேனல் வைத்தால், அது மிச்சப்படுத்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது? எதிர் வீட்டு அக்கா, "அண்ணா, சோலார் போட்டா கவர்ன்மென்ட்டே காசு தர்றாங்களாமே, நாங்களும் போடலாமா?" என்று கேட்டார். "உங்களுக்கு ஏற்கெனவே ஃப்ரீதானே வருது, சும்மா இருங்க" என்றேன்.

கணக்கு சரியாக வருவது மாதம் 300, 400 யூனிட் ஓடி, முழுக் கட்டணம் கட்டும் வீட்டில். 2025-26 கட்டணப்படி யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு. வரியும் மின்துறை ஊழியர் ஓய்வூதியத்துக்கென்று வாங்கும் 36 காசும் சேர்ந்தால் ஆறரையைத் தாண்டும். 3 கிலோவாட் போட்டால் வருஷத்துக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். பணமாகப் பார்த்தால் 26,000, 28,000 ரூபாய். போட ஆகும் செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி என்று வையுங்கள். 2024இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 மானியம். மீதிப் பணம் நாலரை, ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும். பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னை, கோவை சொந்தக்காரர்கள் "எங்களுக்கு மூணே வருஷத்தில் வந்துவிட்டது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தமிழ்நாட்டில் படிப்படியாக ஏறும் கட்டணம். அதிகம் ஓட்டும் வீட்டில் கடைசி யூனிட்டுகள் 11 ரூபாயைத் தொடும். சோலார் அந்த உச்சியைத்தான் முதலில் வெட்டும். இங்கே 2024இலிருந்து எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை. அவர்கள் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. என்னிடம் வந்த ஒரு விற்பனையாளர் "பில் ஜீரோ சார்" என்று அடித்துச் சொன்னார். அப்படி வராது. உங்கள் இணைப்புக்கு பெஸ்காம் அனுமதித்த சுமைக்கு ஏற்ப கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் உண்டு. பேனல் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அது போகாது. தேவைக்கு மேல் உற்பத்தியாகி கிரிட்டுக்கு, அதாவது பெஸ்காம் கம்பிக்கு, போகும் மிச்சத்துக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிட வெகு குறைவு. அதனால் உங்கள் செலவுக்கு மேல் பேனல் அடுக்குவதில் பிரயோசனம் இல்லை. கரண்ட் போனால் இந்த கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பேட்டரி வைக்கலாமே என்பீர்கள். 150 ஆம்பியர் மணி ட்யூபுலர் பேட்டரியில் காகிதத்தில் 1.8 யூனிட் இருக்கும். பாதிவரை மட்டும் இறக்கி ஏற்றினால் ஒரு 1,500 முறை தாங்கும் என்று வைப்போம். மொத்தம் 1,350 யூனிட். விலை 15,000 என்றால் சேமித்து எடுக்கும் செலவே யூனிட்டுக்கு 11 ரூபாய். பெஸ்காம் மின்சாரமே அதைவிட மலிவு. பேட்டரி வசதிக்காக, அவ்வளவுதான். கம்பியே வராத இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஹரிஷ் ஹந்தே 1995இல் இதே பெங்களூரில் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கியது அப்படிப்பட்ட வீடுகளுக்கு விளக்குப் போடத்தான். 2011இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மண்ணெண்ணெயோடு போட்டி போடும்போது பேட்டரி ஜெயிக்கும்.

மாடியில் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் 30க்கு 40 வீட்டில் சின்டெக்ஸ் டேங்க், படிக்கட்டுக் கூரை, துணிக்கொடி எல்லாம் போக மிஞ்சுவது குறைவு. பக்கத்து மனைக்காரர் நாளைக்கே நாலு மாடி எழுப்பினால் பிற்பகல் முழுக்க நிழல். பேனல்கள் தொடராக இணைந்தவை. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி ஒன்று நொண்டினால் வண்டியே மெதுவாகும்.

காற்றாலை வேண்டவே வேண்டாம். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறி இறங்கும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள இறக்கையின் வழியே போவதே 50 வாட்தான். கையில் கிடைப்பது 15 வாட், ஒரு எல்இடி பல்பு. ஆடிக் காற்றில் நன்றாகச் சுற்றும், மறுப்பதற்கில்லை. மற்ற மாதங்களில் கைப்பிடிச் சுவரிலும் டேங்கிலும் மோதிச் சுழலும் காற்றுதான் மாடிக்கு வரும். அதிர்வு வேறு, கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு இறங்கும்.

பயோகாஸ், நாலு பேர் வீட்டின் ஒரு கிலோ கழிவுக்கு அடுப்பு அரை மணி நேரம் எரிந்தால் பெரிது. மாடு வைத்திருந்தால் யோசிக்கலாம்.

நான் மனசாரச் சொல்வது யாருக்கும் கவர்ச்சியாகத் தெரியாத சோலார் வாட்டர் ஹீட்டரை. நூறு லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக 3.8 யூனிட் வேண்டும். கீஸர் அதை மீட்டரிலிருந்துதான் எடுக்கும். மாதம் ஒரு நூறு யூனிட் இப்படி வெந்நீராகப் போகிறது. க்ருஹ ஜ்யோதி வீட்டுக்கும் இது பொருந்தும்: டிசம்பர் குளிரில் கீஸர் ஓடி 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழு பில்லும் உங்கள் தலையில். இருபதாயிரத்தைச் சுற்றி ஆகும் ஹீட்டர் அதைத் தடுக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் செப்புக் குழாய் உள்ள தட்டை மாடலை விட்டுவிட்டுக் கண்ணாடிக் குழாய் மாடல் வாங்குங்கள். உப்புப் படிந்து செப்புக் குழாய் அடைத்துக்கொள்ளும். மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் குழாயில் நிற்கும் நாலைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் வந்த பிறகுதான் சூடு வரும். அதை ஒரு வாளியில் பிடித்து வைத்தால் பாத்திரம் கழுவ ஆகும், அல்லது குழாய்க்கு உறை சுற்றுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டத்தில் கீஸரைத் தேடத்தான் வேண்டும், அதனால் பழையதைக் கழற்றிவிடாதீர்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்கள் சங்கத்தின் பொது மீட்டர் பில்லைப் பாருங்கள். லிஃப்ட், போர்வெல் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் இலவசத்தில் வராது. மோட்டாரைப் பகலில் ஓட்டும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டால் பேனல் தருவது அப்போதே செலவாகிவிடும். பொது உபயோகத்துக்கு அதே மத்தியத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. செலவை எல்லா வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம். தனி வீட்டைவிட அங்கேதான் முதலில் போட வேண்டும் என்பேன், சங்கக் கூட்டத்தில் எல்லாரையும் கையெழுத்துப் போட வைக்க உங்களுக்குத் தெம்பு இருந்தால்.