மனிதர் வேறு கோளிலிருந்து வந்தவர்களா? – கேள்வி பதில்

வேலூரில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உயிர் எங்கே தோன்றியது என்பது ஒரு கேள்வி. மனித இனம் எங்கே தோன்றியது என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் ஆய்வு இன்னும் நடக்கிறது. இரண்டாவதற்கு உறுதியான விடை இருக்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள்.

குடியாத்தம் வாசகர்: நமக்கு முதுகுவலி வருகிறது, வெயில் தாங்கவில்லை, பிள்ளைப்பேறு கடினமாக இருக்கிறது. ஈர்ப்பு குறைந்த வேறொரு கோளில் தோன்றியவர்கள் என்பதற்கு இவை அடையாளம் அல்லவா?

வலி உண்மைதான்; அதன் காரணமும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. நான்கு காலில் நடந்த முன்னோரின் முதுகெலும்பு நிமிர்த்தப்பட்டு, தலையும் கைகளும் அதன்மேல் ஏறியதால், இடுப்புப் பகுதி மிகுந்த சுமையைத் தாங்குகிறது. அடுத்த முறை இறைச்சிக் கடைக்குச் செல்லும்போது, பாயாவுக்காக வெட்டுவதற்கு முன் ஆட்டின் முன்னங்காலை முழுதாகக் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே ஓர் எலும்பு, அதன்கீழ் ஒட்டிய நிலையில் இரண்டு, பிறகு மணிக்கட்டின் சிறு எலும்புகள், அதற்கும் கீழே ஒரு நீள எலும்பு. அந்த நீள எலும்பின் முன்புறத்தை நகத்தால் தடவினால் ஒரு பள்ளக்கோடு தட்டுப்படும். நம் உள்ளங்கையில் நடுவிரலையும் மோதிரவிரலையும் தாங்கும் இரண்டு எலும்புகள், ஆட்டில் ஒன்றாகச் சேர்ந்த தழும்பு அது. நுனியில் மீண்டும் இரண்டாகப் பிரிந்து இரு குளம்புகளைத் தாங்குகிறது. நம் கையிலும் எலும்புகள் இதே வரிசையில்தான் இருக்கின்றன. வேறு கோளில் உருவான ஓர் உயிரின் கை, நம் ஊர்ச் சந்தை ஆட்டின் காலோடு எலும்புக்கு எலும்பு பொருந்த வேண்டிய அவசியமே இல்லை.

ஆரணி வாசகர்: ஒரே தேவைக்கு இரண்டு இடங்களில் ஒரே அமைப்பு தோன்றலாமே? ஒற்றுமை மட்டும் உறவாகிவிடுமா?

இன்று வந்தவற்றில் மிகச் சிறந்த கேள்வி இது. பயனுள்ள ஒற்றுமை மட்டும் போதாது என்பது சரி. ஆகவே பயனற்ற ஒற்றுமையைத் தேட வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர், இரண்டு ஏடுகளில் ஒரே அடியில் ஒரே எழுத்து விடுபட்டிருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டின் படிகள் என்று கொள்வார். உடலிலும் அப்படிப்பட்ட பிழைகள் இருக்கின்றன. ஆடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைக் கல்லீரலிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. அதனால்தான் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேவைப்படுகின்றன. சிம்பன்சியிடமும் அதே மரபணு, பெரும்பாலும் அதே இடங்களில் சிதைந்திருக்கிறது. கினிப்பன்றியிடமும் அது பழுதுதான், ஆனால் சிதைவு வேறு விதமானது. மேலும், சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுவில், குரோமோசோம் முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய டி.என்.ஏ. தொடர்கள் காணப்படுகின்றன. நம் முன்னோரின் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய இடம் அது.

ராணிப்பேட்டை வாசகர்: உறக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் மனித உடலின் கடிகாரம் 25 மணி நேரம் என்றும், அது செவ்வாயின் நாளோடு பொருந்துகிறது என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன்.

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி 1999-இல் கவனமாக அளந்தபோது கிடைத்த சராசரி, 24 மணி 11 நிமிடம். செவ்வாயின் நாள் 24 மணி 37 நிமிடத்துக்கும் மேல். காணொளியில் ஒரு எண்ணைக் கேட்டால், அதை யார், எப்படி அளந்தார் என்று கேளுங்கள்.

ஆம்பூர் வாசகர்: ஆர்எச் நெகட்டிவ் இரத்தம் வேற்றுக்கோள் மரபா?

இல்லை. ஒரு மரபணு இல்லாமையோ செயலிழப்போ அது.

வேலூர் வாசகி: கோட்டையில் ஜலகண்டேசுவரர் கோயில் மண்டபத்து யாளிகள் எந்த உலகத்து உயிர்கள்?

என் துறை அன்று, அம்மா. சிற்பக்கலை கற்றவர்களைக் கேளுங்கள்.

வாணியம்பாடி வாசகர்: விண்கற்களில் அமினோ அமிலங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லில் இருந்தன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023-இல் கொண்டுவரப்பட்ட மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. இவை செங்கலும் சுண்ணாம்பும், வீடு ஆகா. உயிரின் விதையே வெளியிலிருந்து வந்தது என்று நாளை நிறுவப்பட்டாலும், அது வந்து சேர்ந்தது 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பாக, நுண்ணுயிராக. எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த, நிமிர்ந்து நடந்த முன்மனிதப் பெண் லூசி 32 லட்சம் ஆண்டுப் பழையவள். மொராக்கோவில் கிடைத்த நம் இனத்தின் எலும்புகளுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. இரண்டு கேள்விகளையும் கலக்காதீர்கள்.

நாட்றம்பள்ளி வாசகர்: எங்கள் ஊரிலேயே 2016-இல் விண்கல் விழுந்து ஒருவர் இறந்தார். வானிலிருந்து எதுவும் வரலாம் என்பதற்கு அது சான்று அல்லவா?

திருப்பத்தூர் வாசகர்: அது விண்கல்லே அன்று, வெடிப்பு. விண்கல் எவரையும் தொட்டதே இல்லை.

இருவரும் பொறுத்துக் கேளுங்கள். அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று ஒரு கல்லூரி வளாகத்தில் நேர்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் என்று அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்றார்கள். சிறு விண்கல் காற்றில் வேகம் இழந்துதான் தரைக்கு வரும். மேலே கரிய மெல்லிய தோல் படிந்திருக்கும். விழுந்த இடத்தில் வெடிக்காது. ஆனால் திருப்பத்தூர் வாசகர் சொல்வதும் தவறு: 1954-இல் அமெரிக்காவின் அலபாமாவில், கூரையைத் துளைத்து வந்த விண்கல் ஒரு பெண்மணியின் இடுப்பில் பட்டது.

நாட்றம்பள்ளி வாசகர் மீண்டும்: பள்ளத்தை நான் நேரில் பார்த்தேன்.

பள்ளத்தை நான் மறுக்கவில்லை. பள்ளம் எதனால் ஆனது என்பதைக் கல்லின் ஆய்வுதான் சொல்லும். விண்கல்லாகவே இருந்தாலும், ஒரு கல் விழுந்ததிலிருந்து ஓர் இனம் வந்து இறங்கியது என்பதற்குப் பாதை இல்லை. ஒரு குடும்பம் தலைவரை இழந்த நிகழ்வு அது. அதை வாதத்துக்குக் கருவியாக்க வேண்டாம்.

காட்பாடி வாசகர்: முதுகுவலி நமக்கு மட்டும் ஏன்?

குடியாத்தம் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வி மேலும் நால்வரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் அதுவே விடை.

ஆலங்காயம், பிளஸ் டூ மாணவி: காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கேட்க நினைக்கிறேன் ஐயா. செவ்வாயில் உயிர் கிடைத்தால், அது நமக்கு உறவா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அமினோ அமிலங்கள் வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவங்களில் இருக்கக்கூடியவை. பூமியில் உயிர்கள் தம் புரதங்களுக்கு இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. பென்னுவின் மண்ணிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. செவ்வாய் உயிர் வலக்கை வடிவத்தைப் பயன்படுத்தினால், அது தனியாகத் தோன்றியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இடக்கையாக இருந்தால் அதுமட்டும் போதாது. அடுத்து அதன் மரபுக்குறியீட்டைப் படிக்க வேண்டும். டி.என்.ஏ.வின் எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற அகராதி, குடல் பாக்டீரியா முதல் ஆலமரம் வரை சிற்சில மாற்றங்களோடு ஒன்றேதான். அந்த அகராதியே அங்கும் இருந்தால் அது நம் உறவு. அப்போது, அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.