கடல் பூங்காவுக்கு முன்பணம் கட்டும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சந்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. காய் இறக்கி மண்டிக் கணக்கு முடிந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும் என்பதால், ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு அந்தமான் போக நினைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பவளப்பாறையும் கடலாமையும் பார்க்க ஆசை. கிருஷ்ணகிரியில் உள்ள ஏஜென்ட் ஒருவர், ஐந்து இரவு ஆறு பகல் பேக்கேஜை வழக்கமான விலையில் பாதிக்குத் தருவதாகவும், ‘மெரைன் நேஷனல் பார்க் உட்பட’ என்றும் சொல்லி, இந்த வாரமே பாதித் தொகையைக் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? அவர் கொடுத்த பயணத்திட்டத்தின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: இந்த வாரம் கட்ட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தமான் கடலில்தான். மே மூன்றாம் வாரத்தில் தொடங்கும் மழையும் காற்றும் செப்டம்பர் வரை நீடிக்கும். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் வரும். கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். ஆகஸ்டில் தங்கும் விடுதிகள் காலியாகக் கிடப்பதால் விலை இறங்குகிறது. ஓய்வெடுக்க மட்டும் போகிறவர்களுக்கு அது லாபமான பேரம். பவளப்பாறை பார்க்கப் போகிறவர்களுக்கு அப்படியல்ல. கலங்கிய நீரில் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தால் பச்சை நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

‘மெரைன் நேஷனல் பார்க்’ என்று அவர் குறிப்பிடுவது, ஸ்ரீவிஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு அருகே, வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவை. 1983இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்கா ஏறத்தாழ 281 சதுர கிலோமீட்டர் பரப்பில் 15 தீவுகளைக் கொண்டது. பயணிகள் வழக்கமாகச் சென்று வருவது ஜாலிபாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளுக்குத்தான். அவையும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதில்லை. பவளத்துக்கு இளைப்பாறுதல் கிடைப்பதற்காக ஒன்றை மூடி மற்றொன்றைத் திறப்பது வனத்துறையின் வழக்கம். அதிகம் பேசப்படும் ஜாலிபாய், மழைக்காலத்தில் பொதுவாக மூடப்பட்டிருக்கும். இரண்டிலும் இரவு தங்க இயலாது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம், ஞெகிழிப் பைகளுக்கும் பாட்டில்களுக்கும் தடை உண்டு, திங்கட்கிழமை விடுமுறை.

இப்போது உங்கள் பயணத்திட்டத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை புறப்பாடு. மூன்றாம் நாள் ‘மெரைன் பார்க், ஜாலிபாய் தீவு’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் மூன்றாம் நாள் திங்கட்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை. இரண்டாம் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், ‘நுழைவுக் கட்டணம், படகுக் கட்டணம், நீர் விளையாட்டுகள் சேர்த்தியில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆக, ‘உட்பட’ என்ற சொல்லுக்கு இந்தத் தாளில் உள்ள பொருள், வண்டூர் படகுத்துறை வரை உங்களை வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள் என்பது மட்டுமே. ஐந்தாம் நாள் மாலையில் ஸ்கூபா, ஆறாம் நாள் காலையில் விமானம் என்றும் இருக்கிறது; இது பணத்தைவிடப் பெரிய விஷயம். அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்துக்குப் போய் வந்தவர், ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது முக்குளிப்பு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். அந்தமானில் டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும் என்பதையும், ஆகஸ்டிலும் நம்மூரை விட முன்னதாகவே இருட்டும் என்பதையும் அறிந்தவர் எவரும் மாலையில் ஸ்கூபா வைக்க மாட்டார். இத்தாளைத் தயாரித்தவர் அந்த ஊரை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர் என்பது என் ஊகம்.

ஆமைக்கும் ஆகஸ்ட் ஏற்றதல்ல. கடலாமைகள் அந்தமான் கரைகளில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வடக்கே டிக்லிபூர் அருகே காளிபூர் கடற்கரையில் பங்குனி ஆமை உட்பட நான்கு வகைகள் ஏறுகின்றன. ஆனால் டிக்லிபூர் சாலை வழியே நெடுந்தூரம். உங்கள் ஆறு நாளில் அதைத் திணிக்கக் கூடாது. கடற்பசு அந்தமான் நிர்வாகத்தின் மாநில விலங்கு என்பதால் விளம்பரத் தாள்களில் அதன் படம் இருக்கும்; அது உங்கள் கண்ணில் படும் என்று எவரேனும் வாக்களித்தால், அவருடைய மற்ற வாக்குறுதிகளையும் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள்.

என் யோசனை, பயணத்தைப் பொங்கல் விடுமுறையை ஒட்டி வையுங்கள் என்பது. அப்போது மா பூவெடுக்கும் சமயம், மருந்தடிக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். ஒரு வாரத்துக்கு நம்பகமான ஒருவரிடம் தோப்பை ஒப்படைக்க முடிந்தால் அதுவே உகந்த காலம்; கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தின் உச்ச விலையும் அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். விமானச் சீட்டை ஏஜென்ட்டிடம் விடாமல், பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே எடுங்கள். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் பயணக் காப்பீடு, இருக்கைத் தேர்வு முதலியவை கேட்காமலே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாறு நுழைப்பதை மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. விடுதி, வண்டி, தீவுகளுக்கு இடையேயான கப்பல் ஆகியவற்றை ஏஜென்ட்டிடம் விடலாம். ஆனால் எந்தக் கப்பல், எந்த வகுப்பு, எந்த நேரம் என்பது தாளில் இருக்க வேண்டும். ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவுக்கு அரசுக் கப்பலும் போகிறது, தனியார் விரைவுக் கப்பலும் போகிறது. இரண்டின் கட்டணமும் வெகுவாக வேறுபடும். தனியார் கப்பலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அரசுக் கப்பலில் ஏற்றிவிட்டால், அத்தாள் இல்லாமல் உங்களால் கேட்க முடியாது.

கடைசியாக, கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் என்ன என்பதையும் எழுதி வாங்குங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை போடுகிறார்களே, அதைப் போலத்தான் அங்கேயும். தடைக்கு ஏஜென்ட் பொறுப்பல்ல. ஆனால் ஓடாத படகுக்கு வாங்கிய கட்டணத்தை அவர் வைத்துக்கொள்வதற்கு அந்தத் தடை காரணமாகாது.

கேள்வி: அந்தமான் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பென்னாகரத்திலிருந்து நான்கு பேர் போக வேண்டும். தமிழ்நாட்டிலேயே கடல் தேசியப் பூங்கா இருக்கிறது என்கிறார்களே, அது பார்க்கத் தகுந்ததா?

பதில்: தகுந்ததே, ஆனால் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் கடலும் கொண்டது. அத்தீவுகளில் இரண்டு இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. தீவுகளில் விருப்பம்போல் இறங்க அனுமதி கிடையாது. வனத்துறை நடத்தும் படகுச் சவாரிகளில் மட்டும் செல்லலாம். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் போகும் சவாரி அவற்றில் ஒன்று. கடல் வெப்பத்தால் இங்குள்ள பவளம் பலமுறை வெளுத்துப்போயிருக்கிறது என்பதால், விளம்பரப் படங்களின் வண்ணத்தை எதிர்பார்க்காதீர்கள். கடற்புல் படுகைகளும், குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளும் இதன் தனிச்சிறப்பு. பக்கத்திலுள்ள பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. இந்தப் பயணத்துக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் வனத்துறை அலுவலகத்துக்குப் பேசி, படகு ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டால் போதும். படகுத்துறையில் ‘நான் வேறு தீவுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று அழைப்பவரோடு போகாதீர்கள். அனுமதியின்றித் தீவில் இறங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

கேள்வி: பெட்ரோல் பங்கில் நிரப்பிக் கொடுத்த கூப்பனுக்குக் குலுக்கலில் ‘இலவச அந்தமான் பயணம்’ விழுந்திருப்பதாகப் போன் வந்தது. கணவன் மனைவி இருவரும் ஓசூரில் உள்ள ஓட்டல் ஒன்றுக்கு ஞாயிறு மாலை வந்து பரிசை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். போய்ப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பதில்: மாலை நேரம் நஷ்டம், எச்சரிக்கையாக இல்லாவிட்டால் லட்ச ரூபாய் வரை நஷ்டம். இம்முறையில் விற்கப்படுவது விடுமுறைக் கிளப் உறுப்பினர் திட்டம். பரிசு என்பது உங்களை ஓட்டலுக்கு வரவழைக்கும் வழி. தம்பதியாக வரச் சொல்வதற்குக் காரணம், ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று தப்பிக்க வழியில்லாமல் செய்வதுதான். குளிரூட்டிய அறையில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, இரண்டு மணி நேரம் ஆள் மாற்றி ஆள் பேசி, ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை’ என்று அட்டையைத் தேய்க்கச் சொல்வார்கள். இலவசப் பயணம் என்ற சீட்டைத் திருப்பிப் பார்த்தால், விமானச் சீட்டு, உணவு, வரி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் உங்கள் செலவு என்றும், குறிப்பிட்ட மாதங்களில் மட்டும், இடம் இருந்தால் மட்டும் செல்லும் என்றும் இருக்கும். அந்த மாதங்கள் எவை என்று, முதல் பதிலைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியும் போவதென்றால் கார்டுகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ஓ.டி.பி. எதையும் சொல்லாதீர்கள், ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள். நகலைக் கொடுக்க மறுத்தால் அதுவே பதில். ஏற்கெனவே கையெழுத்திட்டுப் பணமும் கட்டியவர்கள், ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் கால அவகாசம் இருக்கிறதா என்று அன்றிரவே பார்த்து, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ரத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு மனுவையும் உடனே பதிவு செய்யுங்கள். வாய்மொழியாகக் கூறப்பட்ட சலுகைகளை அந்த நேரத்து வாட்ஸ்அப் செய்தியாக அவர்களுக்கே எழுதி அனுப்பி வைத்திருந்தால், பின்னால் அது நல்ல சான்றாகும்.

கேள்வி: கடந்த டிசம்பரில் அந்தமானுக்குப் பேக்கேஜ் எடுத்தோம். கடல் சீற்றத்தால் தீவுப் படகு ஓடவில்லை. வேறு நாளும் தரவில்லை. தருமபுரியில் பணம் வாங்கிய ஏஜென்ட், ‘அந்தமான் ஆட்கள்தான் தர வேண்டும்’ என்கிறார். திரும்பும் விமானத்தையும் நிறுவனமே ரத்து செய்தது. அந்தப் பணத்துக்கும் இழுத்தடிக்கிறார்.

பதில்: உங்களிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தவரே உங்களுக்குப் பொறுப்பாளி. அவருக்கும் அந்தமான் ஆட்களுக்கும் உள்ள கணக்கு அவர்களுடைய கணக்கு. குறைபாடான சேவைக்குரிய தொகையை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. விமானச் சீட்டைப் பொறுத்தவரை, ஏஜென்ட் வழியாக எடுத்திருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஆகவே பயணச் சீட்டு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள்.

படகுத் தொகையைக் கேட்டு ஏஜென்ட்டுக்கு 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பல ஏஜென்ட்டுகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கிடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் போர்ட் பிளேருக்கு அலைய வேண்டியதில்லை. ‘வழக்குகள் வேறு ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்காதீர்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது உண்மைதானா என்று ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்படியோர் எண்ணே இல்லை, அல்லது அது வேறு எவருடையதோ என்றால் புகாரில் அதையும் சேர்க்கலாம்.

கேள்வி: கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சிப்பி ஆகியவற்றை நினைவுக்காக எடுத்து வரலாமா? கடைகளிலும் விற்கிறார்களே?

பதில்: செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டானாலும் எடுக்காதீர்கள். பாறை கட்டும் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. விமான நிலையச் சோதனையில் பை ஊடுகதிரில் போகும்போது இவை தெளிவாகத் தெரியும், குழந்தை எடுத்தது என்ற விளக்கம் அங்கே எடுபடாது. சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் அந்தமான் நிர்வாகத்தின் சாகரிகா விற்பனை நிலையத்தில் வாங்கி, ரசீதைப் பையின் மேல்பக்கம் கைக்கெட்டும்படி வையுங்கள். தெருவோரக் கடையில் ரசீது தர மாட்டேன் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.