நோர்வேஜியச் சொல்லை எங்கே பிரிப்பது?

கேள்வி: நீளமான சொல் வந்தாலே மகன் திக்குகிறான். அசை அசையாகப் பிரித்து வாசிக்கச் சொல்லட்டுமா?

பதில்: அசை பிரித்தால் உச்சரிப்பு வரும், பொருள் வராது. பொருத்துகளைத் தேடச் சொல்லுங்கள். 'மென்னெஸ்கெரெத்திஹேத்ஸ்ஒர்கனிசஷூனெனெ' யாருக்கும் மூச்சு முட்ட வைக்கும். பிரியுங்கள்: மென்னெஸ்கெ (மனிதன்), ரெத்திஹேத் (உரிமை), ஒட்டவைக்கும் ஒரு 'ஸ்', ஒர்கனிசஷூன் (அமைப்பு), கடைசியில் பன்மை விகுதி. மனித உரிமை அமைப்புகள், அவ்வளவுதான். கடைசிப் பெயர்ச்சொல்தான் தலைச்சொல். சொல்லின் இலக்கணப் பாலும், அதைக் காட்டும் 'எத்' போன்ற முன்சொல்லும் அதிலிருந்தே வரும். வீடு 'எத் ஹூஸ்' என்றால் மருத்துவமனையும் 'எத் சீகெஹூஸ்'தான், நோயாளிகளின் வீடு.

கேள்வி: சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதினால் அவ்வளவு பெரிய பிழையா?

பதில்: ஆமாம், பொருளே கவிழ்ந்துவிடும். 'லம்மெலோர்' ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. நடுவில் இடம் விட்டால் முடங்கிப்போன தொடைகள். 'ரொய்க்ஃப்ரித்' புகையில்லா இடம். பிரித்துவிட்டால் 'தாராளமாகப் புகை பிடி' என்றாகிவிடும். தமிழில் 'மனித உரிமை' என்று இடம் விட்டு எழுதிப் பழகிய கை இங்கே சறுக்கும். சொல்லிப் பாருங்கள்: அழுத்தம் முதற்பாகத்தில் மட்டும் விழுந்தால் ஒரே சொல், சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: வைன் கிளாஸ் 'வீன்க்ளஸ்'. சிவப்பு வைன் கிளாஸ் மட்டும் ஏன் 'ரோவீன்ஸ்க்ளஸ்'?

பதில்: முதற்பாகமே கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் 'ஸ்' வரும். சிவப்பு வைனுக்கான கிளாஸ், சிவப்பு நிறக் கிளாஸ் அல்ல என்பதை அந்த ஓரெழுத்தே காட்டிவிடுகிறது. எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த எழுத்து இது. 'ஹேத்', 'இங்', 'ஷூன்' என்று முடியும் சொற்களுக்குப் பின்னும் வரும். மற்றவை காதால்தான் பழக வேண்டும்.

கேள்வி: இரவு ரயில் 'நத்தோக்'. வரி முடிவில் எப்படி உடைப்பது?

பதில்: நோர்வேஜிய எழுத்தில் 'நத்' (natt, இரவு) என்பதில் இரண்டு த் (t), 'தோக்' (tog, ரயில்) என்பதில் ஒன்று. ஒரே மெய் மூன்று சேர்ந்து நிற்காது என்பதால் சேர்க்கும்போது ஒன்று விழும். வரி முடிவில் உடைத்தால் விழுந்தது திரும்பி வரும்: 'natt-tog', மூன்று த்.

கேள்வி: ஜன்னலுக்கு 'வின்டு' என்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. ஆங்கிலம்தான் நோர்வேஜியத்தின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. மூலச்சொல் 'வின்ட்-அவுகா', காற்றின் கண். நோர்வேஜியத்துக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான பூக்மோலில் தேய்ந்து 'வின்டு' ஆனது. மற்றொன்றான நீநோர்ஸ்க்கில் கண் இன்னும் திறந்தே இருக்கிறது, அங்கே 'வின்டவுகெ'. நம் பழந்தமிழில் 'காலதர்', அதாவது கால் என்னும் காற்று வரும் அதர், வழி. அதிலும் 'மான்கண் காலதர்' என்றே ஒரு வகை உண்டு.