கடனை அடைத்துவிட்டால் தம்பி திருந்திவிடுவானா?

கேள்வி: ஆன்லைன் ரம்மி ஆடி என் தம்பி 7 லட்சம் ரூபாய்க்குக் கடனாளியாகிவிட்டான். "இந்த ஒரு முறை அடைத்துவிடுங்கள், இனிமேல் தொடமாட்டேன்" என்று சாமி படத்தின் மேல் சத்தியம் செய்கிறான். ஊரில் இருக்கும் நிலத்தை விற்று அடைத்துவிடலாம் என்கிறார் அப்பா. அரசாங்கமே அந்த விளையாட்டைத் தடை செய்துவிட்டதால் இனிப் பயமில்லை என்பது அவர் எண்ணம். என்ன செய்யலாம்?

பதில்:

என் கடனை என் வீட்டார் மூன்று முறை அடைத்தார்கள். மூன்றாவது முறை அடைத்தது 2024 பொங்கல் முடிந்த வாரம். அன்று இரவு ஒரு மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடினேன். அதனால் சொல்கிறேன், சகோதரி: நிலத்தை இப்போது விற்க வேண்டாம்.

உங்கள் தம்பி பொய்ச் சத்தியம் செய்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. நான் செய்த மூன்று சத்தியமும் மனதாரச் செய்தவைதான். கடன்காரர்களின் அழைப்பு வராத முதல் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? பல மாதங்களுக்குப் பிறகு சோறு ருசிக்கும். அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு எண்ணம் எழும்பும்: "பாவம் அப்பா, எனக்காக மனையை விற்றுவிட்டார். அதை எப்படியாவது மீட்டுக் கொடுத்துவிட வேண்டும்." கையில் வேறு வழியில்லாதவனுக்கு மீட்பதற்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். போதாக்குறைக்கு, கடன் செயலியில் பாக்கியைக் கட்டி முடித்த சற்று நேரத்தில் குறுஞ்செய்தி வந்து நின்றது. நான் நல்ல வாடிக்கையாளராம், என் கடன் வரம்பை உயர்த்தியிருக்கிறார்களாம். வீட்டார் என் கடனை அடைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது என்னவோ, ஆடுவதற்கான முதலை எனக்குப் புதுப்பித்துக் கொடுத்ததுதான்.

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 2020 ஊரடங்கில்தான் இது ஆரம்பித்தது. தீபாவளி இரவில் மாமன் மச்சான்களோடு ஆடிய அதே பதின்மூன்று சீட்டுதானே என்று இறங்கினேன். அது வேறு, இது வேறு என்பது புரிய நான்கு வருடம் பிடித்தது. வீட்டில் ஒருவர் சீட்டைக் குலுக்குவார், ஒருவர் காபி கேட்பார், ஒருவர் எழுந்து போவார். செல்போனில் ஓர் ஆட்டம் மூன்று நிமிடம், முடிந்ததும் அடுத்த மேசை தயார். ஒரு புள்ளிக்குப் பத்து ரூபாய் மேசையில் முழுதாகத் தோற்றால் 80 புள்ளி, அதாவது 800 ரூபாய். கை சரியில்லை என்று ஆரம்பத்திலேயே விலகினாலும் 20 புள்ளி போய்விடும். ஒரு மணி நேரத்தில் பதினைந்து ஆட்டம் ஆடினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுக்கும். கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கே இது உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம் ஒரு சொல்: திறமை. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று 1968-ஆம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. ஐதராபாத் பக்கத்து கிளப் ஒன்றில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியவர்களைப் பற்றிய வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை எறிவது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே திறமை. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு அந்தச் சொல்லைப் போன்ற விஷம் வேறில்லை. என் அப்பா ஒரு காலத்தில் தினம் லாட்டரிச் சீட்டு வாங்கியவர். விழவில்லையென்றால் "அதிர்ஷ்டம் இல்லை" என்று கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். என்னால் அப்படி எழுந்து வர முடிந்ததில்லை. ஆடியது திறமை ஆட்டம் என்பதால், தோற்றது என் தவறு. தவறைத் திருத்திக்கொண்டால் போனதை எடுத்துவிடலாம். நான்கு வருடம் தினமும் தவறைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

தடையைப் பற்றி உங்கள் அப்பா நினைப்பதைத்தான் என் அப்பாவும் நினைத்தார். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது பேருந்து நிலையத்துச் சீட்டுக்கடை மூடியது, அதோடு அவருடைய பழக்கமும் முடிந்தது. 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு அவசரச் சட்டம் வந்ததும், "கடை மூடியாகிவிட்டது" என்று சொல்லி, சேர்ந்திருந்த 1,80,000 ரூபாயை அடைத்தார். முதல் முறை. அந்த மாதங்களில் நான் மனமகிழ் மன்றத்துக்குப் போனேன். அங்கே ஆட்டம் மெதுவாக நடக்கும், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், இரவு விளக்கை அணைத்துவிடுவார்கள். இழந்தது கொஞ்சம்தான். 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பின் சூடு ஆறுவதற்குள் செயலியிலிருந்து போனஸோடு வரவேற்புச் செய்தி வந்துவிட்டது. உறவுக்காரர்கள்கூட என்னை அப்படி நினைவு வைத்துக் கூப்பிட்டதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 நடுவில் மனைவியின் நகை போய் இரண்டாவது முறை அடைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றினார்கள், ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. வீட்டில் எல்லோரும் அன்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். இதை எழுத இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

எல்லா விதிகளிலும் ஒன்றே ஒன்றை மட்டும், சூதாடியின் இரவை அறிந்தவர் யாரோ எழுதியிருக்க வேண்டும் என்று நினைப்பேன். தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகளில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று இருந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஜூனில் உயர் நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. நான் பெரிதாக இழந்த ஆட்டங்கள் ஒன்றுவிடாமல் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும். வீடு தூங்கும், கேட்க ஆளிருக்காது, விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம் மட்டும் விழித்திருக்கும்.

இப்போது இருக்கும் தடை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் வந்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் அது தடுக்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை போகும். விளம்பரம் செய்பவரும் பணத்தைக் கைமாற்றித் தருபவரும் தப்ப முடியாது. அந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை, இது உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டிய செய்தி. பெரிய செயலிகள் சில நாட்களிலேயே பண ஆட்டத்தை நிறுத்தின. நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு மாதம் கழித்து ஆசியக் கோப்பை இறுதிப்போட்டி அன்று, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வந்தது. ஒன்றரை வருடம் ஆடாமல் இருந்தவன், உடன் வேலை செய்பவரிடம் 2,000 ரூபாய் கைமாற்று வாங்கி, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பிப் பந்தயம் கட்டினேன். ஜெயித்தேன்! பணத்தை எடுக்கப் போனால், இன்னும் 5,000 கட்டினால்தான் வெளியே வரும் என்றார்கள். அன்று இரவே மனைவியிடம் சொல்லிவிட்டேன். நான்கு வருடம் ஆடிய ஆட்டத்தில் அதற்கு முன் ஒரு நாளும் நானாகச் சொன்னதில்லை. கடையை மூடுவது அரசின் வேலை, அதைச் செய்யட்டும். ஆனால் தம்பியின் கடை அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன?

முதலில் கடனை விட்டுவிட்டு உயிரைப் பாருங்கள். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று தம்பியிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. என்னிடம் என் மைத்துனர் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. தம்பி பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு, வீட்டில் இப்படி ஓர் ஆள் இருக்கிறார், என்ன செய்வது என்று கேளுங்கள்.

இரண்டாவது, மனநல மருத்துவர். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். நான் போனதும் அங்கேதான். போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமை என்று மருத்துவர் விளக்கினார். பிறகு ஒன்பது கேள்வி கேட்டார். மருத்துவ உலகம் இதை நோய் என்று ஏற்றிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் குடி, போதைப் பழக்கங்கள் இருக்கும் அதே வரிசைக்கு இதை மாற்றியது. ஓர் ஆண்டுக்குள் ஒன்பதில் நான்கு இருந்தால் நோய். எனக்கு ஏழு இருந்தது. இழந்ததை எடுக்க மறுநாளே திரும்பி ஆடுவது, வீட்டில் பொய் சொல்வது எல்லாம் நான் எதிர்பார்த்த கேள்விகள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவில்லை: "ஆடிச் சேர்ந்த பண நெருக்கடியிலிருந்து மீள மற்றவர்கள் பணம் தர வேண்டியிருந்ததா?" கடனை மற்றவர்கள் அடைக்க வேண்டியிருப்பது நோயின் ஓர் அறிகுறி. நாங்கள் அதை மூன்று முறை மருந்தாகக் கொடுத்திருக்கிறோம்.

மருந்து என்று எனக்குக் கொடுத்தது தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும்தான். குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைச் சிலருக்கு இதற்கும் தருகிறார்கள், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பெரும்பகுதி பேச்சுதான். ஆடத் தோன்றும் நேரம், அதற்கு முன் நடந்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது சம்பள நாளும் மனைவியோடு சண்டை போட்ட நாளும். தோன்றுவது அரை மணி நேரத்தில் தணிந்துவிடும் என்பதையும் அந்த நோட்டில்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது, பணம் அவர் கையைத் தொடாமல் இருப்பது. என் மனைவி ஒரு காரியம் செய்தாள், அதற்கு அவளைக் கும்பிட வேண்டும். வங்கிக்கு என்னை அழைத்துப்போய், சம்பளக் கணக்கில் பதிவான செல்போன் எண்ணைத் தன் எண்ணாக மாற்ற வைத்தாள். பதிவான எண் இருக்கும் சிம்மிலிருந்துதான் யுபிஐ தொடங்க முடியும். என் போனில் இப்போது எந்தப் பணச் செயலியும் திறக்காது. ஏடிஎம் அட்டையும் அவளிடம். அவமானமாக இல்லையா என்று கேட்பார்கள். முதல் மாதம் இருந்தது.

கடைசியில்தான் கடன். தம்பியை உட்காரவைத்து ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை எழுதும் தாள் பொய்யாக இருக்கும். நான் இரண்டு பெயரை மறைத்தேன், அந்த இரண்டும் வார வட்டி. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுத வையுங்கள். கடன் செயலிக்காரர்கள் மிரட்டினால் பதறிப் பணம் கட்டாதீர்கள். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. அசலை மாதத் தவணையாக, தம்பியின் சம்பளத்திலிருந்து, உங்கள் கையால் கடன் கொடுத்தவருக்கு நேராகக் கட்டுங்கள். கடன் மெதுவாகக் கரைவது நல்லது. தான் இழந்ததன் அளவு ஒவ்வொரு மாதமும் அவருக்குத் தெரியட்டும். சிகிச்சையில் ஓர் ஆண்டு நிலையாக இருந்த பிறகு, நிலத்தைப் பற்றி அப்பா யோசிக்கட்டும்.

என் தாளில் இன்னும் மூன்று பெயர் பாக்கி. சித்தப்பாவுக்கு 40,000 வரும் சித்திரையோடு முடியும். தினம் காலையில் மனைவி 100 ரூபாய் தருவாள், இரவில் கணக்குச் சொல்ல வேண்டும். நேற்று 15 ரூபாய்க்குக் கணக்கு வரவில்லை. அவள் எதுவும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டீயோடு ஒரு வடை தின்றது பாயை விரிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்து படுத்தேன்.