குடித்திருப்பவரை நடையை வைத்தே போன் கண்டுபிடித்துவிடுமா?

கேள்வி: ஒருவர் குடித்திருக்கிறாரா என்பதை அவர் நடப்பதை வைத்தே ஸ்மார்ட்போன் சொல்லிவிடுமாமே, உண்மையா? என் அண்ணன் போனில் அவருக்குத் தெரியாமல் அப்படி ஒரு செயலியைப் போட்டுவைக்கலாமா?

சொல்லும். ஆனால் நான் கீழே சொல்லும் ஆய்வில் சொன்னது ஆய்வுக்கூடத்தில். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இதையே கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்களும் உண்டு, பெரும்பாலும் அக்காமார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போனைச் சாய்த்தால் திரையில் படமும் திரும்புகிறதல்லவா? அந்த வேலையைச் செய்வது முடுக்கமானி என்கிற சின்னச் சில்லு. அதற்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு சிலிக்கான் துண்டு, மெல்லிய வில் போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். பஸ் சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதைப் போல, போன் அசையும்போது அந்தத் துண்டு கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதைச் சில்லு முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசையிலும் நொடிக்குப் பல தடவை அளந்துகொண்டே இருக்கும். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்வது சிறுமூளை. மது அதைத் தொட்டதும் அடிகளுக்கு நடுவே உள்ள நேரம் ஒரே சீராக இருக்காது, உடம்பு பக்கவாட்டில் ஆடும். நம் கண்ணுக்குப் படாத ஆட்டம்கூட எண்களில் தெரிந்துவிடும்.

இதில் பலரும் எடுத்துச் சொல்கிற ஆய்வு 2020-இல் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பிரையன் சஃபொலெட்டோ என்ற அவசரப் பிரிவு மருத்துவரின் குழு செய்தது. கல்லூரி நாளில் நெருங்கிய நண்பர் ஒருவரைக் குடிபோதை விபத்தில் இழந்தவர் அவர். 21 முதல் 43 வயது வரையிலான 22 பேருக்கு வோட்கா கலந்த பானம் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் குடித்து முடிக்கச் சொன்னார்கள். அப்புறம் ஏழு மணி நேரம், மணிக்கு ஒரு தடவை ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்து, நடக்கவும் வைத்தார்கள். நேர்க்கோட்டில் பத்து அடி எடுத்து வைத்து, திரும்பி, மறுபடி பத்து அடி. போனை இடுப்புக்குப் பின்னால் எலாஸ்டிக் பெல்ட்டில் கட்டியிருந்தார்கள். மூச்சுச் சோதனையில் மது அளவு 0.08 சதவீதத்தைத் தாண்டிய நேரங்களைச் சுமார் 90 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டியது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். முதலில், போன் எங்கே இருக்கிறது? செம்பனைக் குலை வெட்டுகிறவர் இடுப்புப் பையில் வைப்பார், கடைக்காரர் சட்டைப் பையில் வைப்பார், பாதிப் பேர் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் போட்டுவிடுவார்கள். கூடையில் கிடக்கும் போன் மோட்டாரின் நடையைத்தான் அளக்கும். பெல்ட் கட்டிக்கொண்டு தண்ணி போடப் போகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது, எனக்கு இதுதான் பெரிய சிக்கல். அந்த ஆய்வில் இருபது அடி நடந்தார்கள். இங்கே கடை வாசலிலிருந்து மோட்டாருக்கு ஐந்தாறு அடி இருந்தால் அதிகம். செயலி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆள் சாவியைத் திருகியிருப்பார். அந்தக் காலத்தில் இப்படி இல்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, நடந்துதான் போனார்கள். குடி அன்றும் குடும்பத்தைக் கெடுத்தது. 1941-இல் கிள்ளானில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. ஆனால் தள்ளாடி விழுந்தவர் விழுந்த இடம் வரப்பாகவோ வாய்க்காலாகவோதான் இருந்தது. இப்போது லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டோம், எங்கே போனாலும் மோட்டார், நடுவில் லாரி ஓடும் பெரிய சாலை.

மூன்றாவது, சட்டம். மலேசியாவில் 2020 அக்டோபர் முதல் வண்டி ஓட்டுபவருக்கான மது வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். அதற்கு முன் 80 ஆக இருந்தது. அந்த ஆய்வு பிரித்துக் காட்டியது 0.08 சதவீதம், அதாவது அதே 80 மில்லிகிராம், நம் பழைய வரம்பு. 60 மில்லிகிராமில் இருக்கும் ஒருவரை அப்படிப்பட்ட செயலி ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடலாம், சாலைத் தடுப்பில் ஊதச் சொல்லும் போலீஸ் விடாது.

அப்புறம் பழகிய குடிகாரர்கள். இவர்களைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். தினமும் குடிக்கிறவரின் உடம்பு நடையைச் சரிக்கட்டக் கற்றுக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறியிருக்கும், ஆள் கோடு போட்டதுபோல் நடப்பார், கணக்குக்கூட ஒழுங்காகச் சொல்வார். ஆனால் எதிரே திடீரென்று மாடு வந்தால் பிரேக் பிடிக்கும் கை தாமதமாகத்தான் எழும். மறுபக்கம், ஒரு சொட்டும் குடிக்காமல் தள்ளாடுகிறவர்களும் உண்டு. இனிப்பு நீரில் (நீரிழிவு நோயில்) கால் மரத்துப்போன பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்களை எல்லோருக்குமான ஓர் அளவை வைத்துப் பார்த்தால் தினமும் போதை என்றுதான் காட்டும். ஒருவர் தெளிவாக இருக்கும்போது நடக்கும் நடையை முதலில் பதிந்துகொண்டு, அதோடு ஒப்பிட்டால்தான் இது உருப்படும்.

குரலை வைத்தும் முயன்றிருக்கிறார்கள். 2023-இல் அதே சஃபொலெட்டோ, 18 பேரை நாக்குச் சுழற்றும் வாக்கியங்களைச் சொல்லவைத்து, 98 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்ததாக எழுதினார். ஆங்கில வாக்கியங்கள். ஒரே மூச்சில் தமிழும் மலாயும் கொஞ்சம் கேண்டனீஸும் பேசுகிற எங்கள் ஊர்க்காரரிடம் அது என்ன பாடுபடும் என்று பார்க்க ஆசைதான்.

சரி, உங்கள் அண்ணன் விஷயம். தெரியாமல் போடாதீர்கள். கடையில் யார் கேட்டாலும் நானும் செய்வதில்லை. அவர் நடையும் போகும் இடமும் அவருக்கே தெரியாமல் இன்னொருவருக்குப் போவது வேவு பார்ப்பதுதான். தெரிந்த அன்றைக்கே போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், அப்போது கூப்பிட்டாலும் கிடைக்கமாட்டார். அவரே சம்மதித்து, தெளிவான நாள்களில் தன் நடையைப் பதிந்து வைத்து, எச்சரிக்கை வந்தால் யாருக்குத் தகவல் போகவேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தால் பயன் உண்டு. ஆனால் அந்தத் தகவலைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்துபோய்க் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். சின்ன ஊரில் அந்த நேரத்துக்கு வாடகைக் கார் கிடைக்காது. அந்த ஆள் நீங்கள்தான் என்றால், செயலிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே அவரிடம் பேசுங்கள்: “அண்ணே, போகும்போது மோட்டாரை வீட்டில் விட்டுவிடுங்கள், முடிந்ததும் போன் பண்ணுங்கள், எத்தனை மணியானாலும் நான் வருகிறேன்.”